ஆண்களின் வன்முறையைப் பேசினால் எல்லா ஆண்களையும் பழிக்கிறோமா?

கேள்வி: குன்னூர் வாசகர், 2025 ஜூன் 14

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியில் பெண் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பேச வந்தவர், காட்டுப் பாதையில் தனியாகப் போகும்போது எதிரே கரடி வந்தால் அதிகம் பயமா, முன்பின் தெரியாத ஆண் வந்தால் அதிகம் பயமா என்று மாணவிகளைக் கேட்டிருக்கிறார். பெரும்பாலான பெண்கள் ஆண் என்பதற்கே கை தூக்கினார்களாம். வீட்டுக்கு வந்தவன், "அப்பா, நானும் அப்படித்தான் ஆவேன் என்று நினைக்கிறார்களா?" என்று கேட்டான். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் தீர்ப்பு வந்த நாள் முதல் எங்கு திரும்பினாலும் இதே பேச்சு. சிலர் செய்த குற்றத்துக்கு எல்லா ஆண்களையும், பையன்களையும் பழிப்பது நியாயமா?

2025 ஜூன் 14, இரவு

கோத்தகிரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எனக்கும் உங்கள் மகன் வயதில் ஒரு பையன் இருக்கிறான். நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆண்களின் வன்முறையைப் பற்றிப் பேசுவதே எல்லா ஆண்களையும் பழிப்பதாகுமா என்பது ஒன்று. பதினான்கு வயதுப் பையனை உட்கார வைத்து அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆகாது என்பதே என் பதில். இரண்டாவதில் உங்கள் மகன் பக்கம் நிற்கிறேன்.

2025 ஜூன் 15

கரடியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கேள்வி 2024இல் சமூக ஊடகங்களில் பல நாடுகளைச் சுற்றி வந்தது. சமவெளியில் அது கற்பனைக் கேள்வி. எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. கோயில் விளக்கின் எண்ணெயைத் தேடிக் கதவைப் பெயர்க்கும் கரடியும், இரவில் சத்துணவுக் கூடத்துக்குள் புகும் கரடியும், கொழுந்து பறிக்கப் போனவரைக் காயப்படுத்திய கரடியும் அவர்களுக்குத் தெரிந்த செய்திகள்.

வகுப்பில் நானும் இதைப் பேசியிருக்கிறேன், ஆனால் எது அதிகப் பயம் என்று கேட்கவில்லை. கரடி நடமாட்டம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சத்தமாகப் பேசிக்கொண்டு போவோம், நாலைந்து பேர் சேர்ந்து போவோம், டார்ச் அடிப்போம், வீட்டில் சொல்வோம், வனத்துறைக்குச் சொல்வோம் என்று பையன்களும் பெண்களும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பிறகு, வழியில் ஓர் ஆள் பின்தொடர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பையன்கள் பேசாமல் இருந்தார்கள். பெண்களில் ஒருத்தி, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்போம் என்றாள். வீட்டில் சொல்வீர்களா என்றதற்கு, சொன்னால் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன.

கரடி என்றால் சத்தம் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், ஆள் என்றால் வாயை மூடக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பெண்கள் கை தூக்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் மகன் கரடியைவிடக் கொடியவன் என்று அவர்கள் சொல்லவில்லை. கரடி அடித்தால் ஊர் தங்கள் பக்கம் நிற்கும், ஆண் அடித்தால் நிற்குமா என்பது தெரியாது என்றுதான் சொல்கிறார்கள்.

2025 ஜூன் 15, மாலை

இருந்தாலும், பள்ளியில் கேட்கத் தக்க கேள்வியல்ல அது. பையன்களும் உட்கார்ந்திருக்கும் அறையில் அதைக் கேட்பது அவர்களை அவமதிக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதையே அது பிழையாகக் காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் மாறாமல் இருப்பது ஒன்று: பாலியல் வல்லுறவு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவராக இருப்பது பத்தில் ஒன்பதுக்கும் மேல். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர், திருமணம் செய்வதாகச் சொன்னவர் என்று அந்தப் பட்டியல் நீளும். காட்டுப் பாதையில் எதிர்ப்படும் அந்நியனைக் கண்டு மட்டும் அஞ்சப் பழகிய பெண் குழந்தை, வீட்டுக்கு வந்துபோகும் மாமாவைப் பற்றி எப்போது வாய் திறப்பாள்?

2025 ஜூன் 17

அருவங்காட்டிலிருந்து பின்னூட்டம் எழுதியவர், மிகச் சிலர் செய்வதற்கு எல்லா ஆண்களையும் பழிக்கக் கூடாது என்கிறார்; "மிகச் சிலர் செய்வதற்கு" என்ற சொற்களை மூன்று முறை எழுதியிருக்கிறார். அந்த "மிகச் சிலர்" எத்தனை பேர் என்று பார்ப்போம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரிடமிருந்து உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ எப்போதாவது சந்தித்ததாகக் கூறியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான அளவு 29 விழுக்காடு. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணியில் இருப்பதாக நாம் பெருமை கொள்ளும் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக நிற்கிறது.

பேருந்தில் உரசுகிறவன், தெருவில் கேலி செய்கிறவன் என்று வரும்போது, ஒரே ஆள் நூறு பெண்களைத் துன்புறுத்த முடியும். ஆகவே பெண்கள் எல்லோரும் தொல்லைக்கு ஆளாகியிருந்தாலும் தொல்லை தரும் ஆண்கள் குறைவாகவே இருக்கலாம் என்ற வாதத்துக்கு அங்கே இடம் உண்டு. திருமணத்தில் அந்தக் கணக்கு செல்லாது. பெரும்பாலும் ஒரு மனைவிக்கு ஒரு கணவன். நூறு மனைவியரில் முப்பத்தெட்டுப் பேர் அடி வாங்கியிருந்தால் அடித்த கணவர்களும் ஏறத்தாழ அத்தனை பேர்தான் இருக்க வேண்டும். இது பாதிக்கும் குறைவு, ஆகவே "எல்லா ஆண்களும்" என்பது பிழை. ஆனால் "மிகச் சிலர்" என்பது அதைவிடப் பெரிய பிழை. திருமண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் ஆண்களின் வரிசையை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

2025 ஜூன் 18

எப்போதோ ஒரு முறை கை நீட்டியதையும் அந்த 38 விழுக்காட்டில் சேர்ப்பார்களா என்று கேட்டிருக்கிறார்கள். சேர்ப்பார்கள். அறைதல், தள்ளுதல், கையை முறுக்குதல், முடியைப் பிடித்து இழுத்தல், எட்டி உதைத்தல், கழுத்தை நெரித்தல் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டே பதிவு செய்கிறார்கள். அதே ஆய்வில், வன்முறையைச் சந்தித்த பெண்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர்தான்.

மனைவியரும் அடிப்பதில்லையா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. கணவர் அடிக்காதபோது தாமாகக் கை ஓங்கியதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 4 விழுக்காட்டினர். அப்படி அடி வாங்கிய கணவருக்கும் வலி ஒன்றுதான். அவருடைய புகாரையும் சிரிக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

2025 ஜூன் 21

நேற்று ஒருவர் எழுதியது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இந்த அடிதடி எல்லாம் எஸ்டேட் லைன்களில் நடப்பது. படித்த குடும்பங்களை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்?" அதே மனிதர் நான்கு பதிவுகளுக்கு முன்னால், எல்லா ஆண்களையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று மன்றாடியிருந்தார்.

நான் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்ற குடும்பம் எங்களுடையது. வரிசையாகக் கட்டிய வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் எங்களுக்குக் கேட்கும், அந்த அக்கா அழுவதும் கேட்கும். கேட்டதால்தான் என் அப்பா எழுந்து போய்க் கதவைத் தட்டுவார். "என்னண்ணே சத்தம்?" என்பதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை, பெரும்பாலும் அதுவே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்த பிறகு தோட்ட அதிகாரி ஒருவரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர பங்களாவுக்குப் போய்வந்தேன். சுற்றிலும் புல்வெளி, சைப்ரஸ் வேலி, அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தொலைவில். அந்த அம்மாளின் மணிக்கட்டில் இருந்த நீலத் தழும்பைப் பற்றிக் கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை. கதவைத் தட்ட ஒருவரும் இல்லை.

வறுமையும் கல்விக் குறைவும் உள்ள வீடுகளில் வன்முறை அதிகமாகப் பதிவாகிறது என்பது உண்மைதான். குடியும் பெரும் காரணம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் வீடுகளில் வன்முறை, குடிக்காதவர்களின் வீடுகளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் குடிக்கவே குடிக்காத கணவர்களின் மனைவியரிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அடி வாங்கியிருக்கிறார்கள். லைன் ஆண்கள் மீதும் டாஸ்மாக் மீதும் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள இந்தக் கணக்கு இடம் தரவில்லை. "எல்லா ஆண்களும் அப்படியல்ல" என்பவர், லைன் வீட்டு ஆண்களையும் அந்த "எல்லா ஆண்களில்" சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜூன் 24

மனைவியைக் கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன், மூவர் எழுதிவிட்டார்கள். 1983இல் வந்த அந்தப் பிரிவு கடந்த ஆண்டு ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. அது தவறாகப் பயன்பட்டதுண்டு. வழக்கோடு தொடர்பே இல்லாத வயதான மாமியாரையும் வெளியூரில் வாழும் நாத்தனாரையும் கைது செய்ததுண்டு. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், புகார் வந்தவுடன் தன்னியல்பாகக் கைது செய்யக் கூடாது, கைதுக்கான தேவையைக் காவலர் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது சரியான தீர்ப்பு. ஆனால் தண்டனை கிடைத்த வழக்குகள் குறைவு என்பதைக் காட்டி, மற்றவை எல்லாம் பொய்ப் புகார் என்று சொல்வது பொருந்தாது. பிள்ளைகளுக்காகச் சமாதானமாகிப் போன பெண்களையும், வாய்தாவுக்கு ஊட்டி வரை போய்வரக் கூலி நாளை இழக்க முடியாமல் விட்டுவிட்ட பெண்களையும் நான் அறிவேன்.

ஆண்களுக்கு உண்மையாகவே அநீதி இழைக்கப்பட்டிருக்கும் இடம் வேறு. வயது வந்த ஆண் ஒருவன் பாலியல் வல்லுறவுக்கு ஆளானால், பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட முடிந்தது. புதிய சட்டத்தில் அதற்கு இணையான பிரிவே இல்லை. வல்லுறவுப் பிரிவும் பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவர்களாகக் கொள்கிறது. ஆண்களுக்கு நியாயம் கேட்டு இங்கே இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பது என்னை வருத்துகிறது. எழுதுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன்.

2025 ஜூன் 25

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஏதாவதொரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்ன குழந்தைகள் 53 விழுக்காட்டினர். அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் பையன்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டமும் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

குன்னூர் நண்பரே, உங்கள் மகன் உட்கார்ந்திருந்த அந்த அறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்த பையன்களில் சிலருக்காவது யாரோ ஒரு பெரியவரால் இது நடந்திருக்கும். தங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ஆபத்து என்றால் நீங்கள்தான் என்பதை மட்டும் அவர்கள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். உங்கள் மகனுடைய வருத்தம் அதற்கு அடுத்தபடி.

2025 ஜூன் 29

"நீங்களாக இருந்தால் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கூடலூர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

முதலில் பையன்களிடம் அவர்களுக்கு நடந்ததைக் கேட்பேன். அடி வாங்காத பையன் எங்கள் பள்ளியில் அபூர்வம். அப்பாவிடம், அண்ணனிடம், மூத்த மாணவர்களிடம் என்று எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். உலக அளவிலும் அப்படித்தான். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொலையில் சந்தேகிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள், கொலையுண்டவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். கணவன், காதலன் என்று துணையால் கொல்லப்பட்டோரை மட்டும் எடுத்தால் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். ஆண்களின் வன்முறையைப் பேசுவது ஆண்களுக்கு எதிரானதென்று நினைக்கிறவர்கள், அந்த வன்முறையால் அதிகம் சாகிறவர்கள் ஆண்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு, செய்யத் தக்க வேலை ஒன்றைக் கொடுப்பேன். பேருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாணவர்கள் கட்டபெட்டு வழியாகப் போகும் மாலைப் பேருந்தில் திரும்புகிறார்கள், மூச்சு விட இடமிருக்காது. 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பெண் பயணியை முறைத்துப் பார்ப்பவர், விசில் அடிப்பவர், கண்ணடிப்பவர் யாராயினும் நடத்துநர் அவரை இறக்கிவிடலாம் அல்லது வழியில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். இதை வகுப்பில் சொன்னபோது பையன்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். சண்டை போட வேண்டியதில்லை, வீரம் காட்ட வேண்டியதில்லை, நடத்துநரைக் கூப்பிட்டால் போதும் என்பது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. பதினான்கு வயதில் தட்டிக் கேட்டால் தானும் அடி வாங்குவோம் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை யாரும் மதிப்பதில்லை.

பொள்ளாச்சி வழக்கையும் இந்தக் கோணத்தில் சொல்வேன். 2019இல் அது வெளிவந்தபோது புகார் கொடுத்த பெண், நடந்ததைத் தன் அண்ணனிடம் சொன்னார். அவர் தங்கையை நம்பினார், கூட நின்றார், அதற்காகத் தாக்கப்பட்டார். இந்த மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்று தீர்ப்பளித்ததற்குப் பின்னால் சாட்சி சொன்ன பெண்களின் உறுதி இருக்கிறது. தொடக்கத்தில் தங்கையின் சொல்லைச் சந்தேகிக்காத ஓர் அண்ணனும் இருக்கிறார். ஒன்பது பேரின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு அந்த அண்ணனைப் பற்றியும் தெரிய வேண்டும்.

2025 ஜூலை 2

மேலே எழுதியவற்றை மறுபடி படித்தேன். பையன்களுக்கு நான் காட்டும் பொறுமையை ஆண்களுக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்கலாம். வேறுபாடு வேண்டுமென்றே வைத்ததுதான்.

பதினான்கு வயதுப் பையன் "நானும் அப்படித்தானா?" என்று கேட்கும்போது, அது தன்னைப் பற்றிய உண்மையான கேள்வி. அவன் இன்னும் எதுவாகவும் ஆகிவிடவில்லை. "இல்லை, நீ எப்படி இருப்பாய் என்பது நீ எடுக்கும் முடிவு" என்று உடனே சொல்ல வேண்டும். நாற்பது வயது ஆண், ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டு "எல்லா ஆண்களும் அப்படியல்ல" என்று சொல்வது வேறு. அந்தப் பெண்ணும் எல்லா ஆண்களும் என்று சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கும் அப்பாவும் அண்ணன் தம்பியும் இருப்பார்கள். அவர் அப்படிச் சொன்ன நொடி முதல் பேச்சு அவளுக்கு நேர்ந்ததை விட்டுவிட்டு அவருடைய மனத்தாங்கலுக்கு மாறிவிடுகிறது. எங்கள் ஆசிரியர் அறையில் இது நடந்தது. பேச்சை நிறுத்திக்கொண்ட அந்த இளம் ஆசிரியை அதற்குப் பிறகு எங்களிடம் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை; என்ன நடந்தது என்பது இன்று வரை முழுதாகத் தெரியாது. குறுக்கிட்ட ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் அதைச் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் அன்பாக இருக்கும் மனிதர் அவர். அப்படிப்பட்டவரின் சொல்லும் ஒரு பெண்ணின் வாயை மூடிவிடக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வளர்ந்த ஆண்களிடம் நான் எதிர்பார்ப்பது என் அப்பா செய்ததைத்தான். அவர் என் அம்மாவை அடித்ததில்லை. அடிக்காத ஆண் நான் என்று அவர் எங்கேயும் சொல்லிக்கொண்டதும் இல்லை, எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

2025 ஜூலை 3

அடிப்பதைப் பெண்களே நியாயப்படுத்துகிறார்களே என்று எழுதியவருக்கு: ஆம். முன்பு சொன்ன தேசிய குடும்ப நல ஆய்விலேயே, சில காரணங்களுக்காகக் கணவன் அடிக்கலாம் என்று நாட்டில் 45 விழுக்காடு பெண்களும் 44 விழுக்காடு ஆண்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த எண்ணத்தைப் பெண்களும் சேர்ந்தே வளர்க்கிறோம். மகன் தங்கையை அடித்தால் "ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்று சொல்வது பெரும்பாலும் நாங்கள்தான்.

2025 ஜூலை 6

அடுத்த கூட்டத்துக்கு மகனை அனுப்பலாமா என்று குன்னூர் நண்பர் கேட்டிருக்கிறார். அனுப்புங்கள். அதற்கு முன் பள்ளிக்குப் போய், அந்தக் கரடிக் கேள்வி வேண்டாம் என்றும், போக்சோ சட்டம் பையன்களுக்கும் உரியது என்பதையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பையன்களிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். கூட்டமே வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொடர்ந்து பேசினால்தான் அந்தப் பெண்கள் வீட்டில் சொல்லத் துணிவார்கள்.

எங்கள் பள்ளியில் இந்த மாதக் கூட்டத்துக்குத் தந்தையரையும் வரச் சொல்லத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இலை பறிப்பும் ஃபேக்டரி வேலையும் இருக்கும் நாள்களில் அவர்களால் வர முடியாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். பேருந்து விதியைப் பற்றிப் பேச ஒரு நடத்துநரை அழைத்திருக்கிறோம், அவருடைய மகனும் எங்கள் மாணவன்தான். மேல் ஊர்களுக்குப் போகிறவர்கள் மூடுபனிக்கு முன் வீடு சேர வேண்டும் என்பதால் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுவோம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், எடுத்துச் செல்கிறேன்.